மூன்று காட்சிகளில் வந்தவள்

படம் விட்டுச் சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. பெண்கள் பகுதிக் கதவருகே ஒதுங்கி நின்ற எல்சி, தன்னோடு கூட வந்த அயல்வீட்டுக் கனகம்மாவிடம் மெல்லக் கேட்டாள்.

"அந்தப் பத்திரிகைக் கந்தோரில ரெலிபோன் எடுத்த பொம்பிளையைப் பாத்தனீங்களோ?"

"எந்தப் பொம்பிளை?"

"கட்டை முடி. வெள்ளைச் சீலை, ஒடுக்கமான கறுப்புக் கரை."

"அப்பிடி ஒராள் வந்ததோ? நான் கவனிக்கேல்லை."

கனகம்மாவின் நினைப்பெல்லாம் கதாநாயகி இரண்டாவது பாட்டில் போட்டிருந்த தோட்டில் இருந்தது. வீடு வந்து சேரும்வரை அதைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாள். எல்சி "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

அது 1955ஆம் ஆண்டு, திருகோணமலை. எல்சிக்கு இருபத்து நாலு வயது. தகப்பன் இராஜநாயகம் வெள்ளைக்காரரின் டொக்யார்ட்டில் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர். மூன்று வருடங்களுக்கு முன்பு நெஞ்சுவலியில் போய்விட்டார். தமையன் கிறிஸ்தோபர் கொழும்பில் வேலை பார்த்து அங்கேயே கலியாணம் செய்துகொண்டான். மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், ஓட்டு வீடொன்றில், தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

தபாற் கந்தோரை ஒட்டியிருந்த ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எல்சி சேர்ந்து இரண்டு வருடம். காதில் கருவியை மாட்டிக்கொண்டு இணைப்புப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் ஊர் முழுவதும் அவளுடைய காதுக்குள் வந்துவிடும். டொக்யார்ட்டில் எந்தத் துரைக்குக் கோபம், மூதூருக்கு எத்தனை மணிக்கு லோஞ்ச் படகு, கந்தளாயில் மழை பெய்ததா, எல்லாம் தெரியும். ஆனால் மீன் சந்தையில் அதே துரையின் சமையற்காரனும் அதே லோஞ்ச் முதலாளியும் அவளைத் தோளால் இடித்துக்கொண்டு போவார்கள். வாயைத் திறந்து எதையாவது கேட்டால்தான் "அட, நீங்களோ!" என்பார்கள். அவளுக்குக் குரல் இருந்தது, ஆள் இல்லை. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

ஆளாகிக் காட்ட அவள் முயலாமலில்லை. ஒவ்வொரு படமும் வந்து போக, ஊர்ப் பெண்கள் அதிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். ஒரு படத்திலிருந்து சட்டைக்கு உப்பிய கை, இன்னொன்றிலிருந்து இரட்டைப் பின்னல், வேறொன்றிலிருந்து நெற்றியில் சுருண்டு விழும் முடி. எல்சியும் உப்பிய கை வைத்துத் தைத்துப் போட்டுப் பார்த்தாள். அவள் நெடுத்த பெண். தகப்பனைப் போல அகன்ற தோள். உப்பிய கையோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது வேறு யாருடையதையோ எடுத்துப் போட்டுக்கொண்டது போல இருந்தது. கழற்றி மடித்து வைத்துவிட்டாள்.

பத்திரிகைக் கந்தோரில் ரெலிபோன் எடுத்தவளும் நெடுத்தவள். தோள் அகன்றவள். அந்தத் தோளை அவள் மறைக்கவில்லை. கழுத்தைச் சுற்றி நேராக நிற்கும் பட்டி வைத்த சட்டை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய மணிக்கூடு.

படத்தில் அவளுக்கு மூன்று காட்சிகள்தான். காணாமற்போன அண்ணனைத் தேடிக் கதாநாயகி பட்டணத்துக்கு வருகிறாள்; பத்திரிகைக் கந்தோருக்குப் போகிறாள். அங்கே மேசையில் இருப்பவள் ரெலிபோனைக் காதில் வைத்தபடி திரும்பிப் பார்த்து, "இருங்கள், கேட்டுச் சொல்கிறேன்" என்கிறாள். அடுத்ததில், மழைக்கு ஒதுங்கி நிற்கும் கதாநாயகியிடம் தன் குடையை நீட்டி, "நாளைக்குத் தந்தால் போதும்" என்கிறாள். மூன்றாவதில் பேச்சே இல்லை. எல்லோரும் போன பிறகு அவள் எழுகிறாள், மின்விசிறியை நிறுத்துகிறாள், கைப்பையை எடுக்கிறாள், நீண்ட நடைவழியில் தனியாக நடந்து போகிறாள். அவ்வளவுதான். அவளுக்கு ஒரு பாட்டில்லை, காதலனில்லை, கண்ணீருமில்லை. அவள் வீடு எங்கே, அங்கே யார் இருக்கிறார்கள் என்று படம் சொல்லவில்லை.

அந்தப் படம் ஒரு கிழமை, ஏழு நாள்தான் ஓடியது. எல்சி நாலு தரம் பார்த்தாள். கடைசித் தரம் பெயர்கள் ஓடும்போது எழுந்து முன்வரிசைக்கே போய் நின்று வாசித்தாள். கடைசிக்கு முந்தின வரியில், சின்ன எழுத்தில், பத்திரிகை அலுவலகப் பெண் - பிரேமலோசனி என்று இருந்தது.

*

கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த நஜ்முன் நிஸாதான் அந்த வட்டாரத்துப் பெண்களுக்கெல்லாம் சேலைச் சட்டை தைப்பவள். எல்சியை விடப் பத்து வயது மூத்தவள். வாழ்நாளில் ஒரு படமும் பார்த்ததில்லை. ஆனால் வருகிறவர்கள் சொல்லச் சொல்லத் தைத்து, எந்தப் படத்தில் எந்தக் கழுத்து, எந்தக் கை என்று பார்த்தவர்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

எல்சி எக்ஸ்சேஞ்சுக் கடதாசித் துண்டு ஒன்றின் பின்பக்கத்தில் வரைந்து கொண்டுபோனதை அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன புள்ள இது? கழுத்துக்கு வேலி அடிச்சிருக்கு."

"இரண்டு விரல் உயரத்துக்குப் பட்டி வரவேணும் ராத்தா. கழுத்தைச் சுத்தி நேரா நிக்கவேணும். கை முழங்கை மட்டும்."

"வேர்க்கும்."

"வேர்க்கட்டும்."

"எந்தப் படத்துல? இத இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேக்கல்லையே."

"கேக்க மாட்டினம்" என்றாள் எல்சி.

முதற் சட்டையின் பட்டி மடிந்து விழுந்தது. இரண்டாவது, தொண்டையை நெரித்தது. மூன்றாவது தரம் நஜ்முன் நிஸா உள்ளே தடித்த துணி வைத்து, கஞ்சி போட்டு, பின்பக்கம் மூன்று பொத்தான் வைத்துத் தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு எல்சி கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது, பின்னால் நின்ற நஜ்முன் நிஸா வாயில் பிடித்திருந்த ஊசியை எடுத்துவிட்டு, "இது உனக்குத்தான்டி" என்றாள்.

கைக்குத் தகப்பனுடைய மணிக்கூடு இருந்தது. பட்டியில் இன்னுமொரு துளை போட்டால் போதும். வெள்ளைச் சேலையும் கறுப்புக் கரையும் கடையில் கிடைத்தன. மிஞ்சியது முடி. எல்சிக்கு இடுப்புக்குக் கீழே விழும் பின்னல். கோட்டைப் பக்கமாக இருந்த பறங்கிப் பெண் ஒருத்தி தன் இனத்துப் பெண்களுக்கு வீட்டில் வைத்து முடி வெட்டுவாள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் எல்சி அங்கே போனாள். அந்தப் பெண் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு தரம் கேட்டாள், உண்மையாகத்தானா என்று. உண்மையாகத்தான்.

வெட்டின பின்னலை நீட்டியபோது தாய் வாங்கிக்கொண்டாள். பழைய பத்திரிகைத் தாளில் அதைச் சுற்றி அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினாள். மூன்று நாள் மகளோடு பேசவில்லை. நாலாம் நாள், குசினியில் அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடி, "கொப்பர் இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வை செய்த சோமசேகரம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மிஸ் இராஜநாயகம், சுகமில்லையோ?" என்றார். காய்ச்சலில் மொட்டையடித்து வளர்கிறது என்று நினைத்துவிட்டார். ஞாயிறு பூசைக்குப் போனால் முன்வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களின் தலைகள் திரும்பின. ஒழுங்கையில் சிலர் பறங்கிச்சி என்றார்கள். ஆனால் மீன் சந்தையில் இடம் விட்டார்கள். "ரெலிபோன் மிஸ் வாறா" என்று ஒருவன் கூடையை இழுத்து வைத்தான். அவள் வாயைத் திறக்காமலே ஒருவர் அவளை அடையாளம் கண்டுகொண்டது அதுதான் முதற்தடவை. வீட்டுக்கு வந்து மீனைச் சட்டியில் போட்டபோதும் அந்தச் சொல் காதுக்குள் இருந்தது.

*

1957இல் மட்டக்களப்பிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை டொமினிக், பள்ளிக்கூட ஆசிரியர். தாயோடு வந்திருந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். வெள்ளைக்காரர் டொக்யார்ட்டை விட்டுப் போவதைப் பற்றி எல்சியிடம் கேட்டார். அவள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார். துறைமுகத்தில் கப்பல்கள் குறைந்ததும் பலகையில் எரிகிற விளக்குகளும் குறைந்துபோயின என்று அவள் சொன்னபோது சிரித்தார். எல்சிக்கு அவரைப் பிடித்திருந்தது.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அவருடைய தாய், எல்சியின் தாயைப் பார்த்துச் சொன்னாள்.

"பிள்ளை நல்ல பிள்ளை. ஆனா முடி வளரட்டும். ஒரு வருசம் பொறுப்பம். அந்த ஆம்பிளை மணிக்கூட்டையும் கழட்டி வைக்கச் சொல்லுங்கோ. எங்கட பக்கத்துச் சனம் ஒரு மாதிரிப் பாக்கும்."

எல்சி டொமினிக்கைப் பார்த்தாள். அவர் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளக்க ஏலாது எண்டில்லை" என்றாள் எல்சி. "வளக்க மனமில்லை."

அவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தார்கள். தாய் அதன்பிறகு சம்பந்தம் பேசவில்லை. பேசச் சொல்லி ஒருவரும் வரவுமில்லை.

சில மாதம் கழித்து ஒருநாள் மட்டக்களப்பிலிருந்து ஒரு ட்ரங்க் கோல் வந்தது. இங்குள்ள பள்ளிக்கூடம் ஒன்றைக் கேட்டது டொமினிக்கின் குரல். அவள் உடனே கண்டுகொண்டாள். "இருங்கள், தருகிறேன்" என்றாள். "நன்றி மிஸ்" என்றார் அவர். அவளுடைய குரல் அவருக்குத் தெரியவில்லை. கம்பியின் முனையைப் பலகைத் துளையில் செருகி இணைத்துக் கொடுத்துவிட்டு, அவள் தன் பக்கத்துச் சாவியை மூடினாள். அவர் என்ன பேசினார் என்று கேட்கவில்லை.

1960இல் தாயும் போய்விட்டாள். கிறிஸ்தோபர் வந்து எட்டுநாள் நின்றான். கொழும்புக்கு வரும்படி கூப்பிட்டான், அதிகம் வற்புறுத்தவில்லை. அவன் போனபின் வீடு பெரிதாகிவிட்டது. வேலையில் எத்தனையோ குரல்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தால், காலையில் வைத்த இடத்தில் வைத்தபடி கோப்பை இருக்கும். அந்தக் கோப்பையைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. எனவே வேலை முடியும் நேரத்தை அவள் நீட்டிக்கொண்டாள். ஏனையவர்கள் போகட்டும் என்று இருப்பாள். பிறகு எழுந்து மின்விசிறியை நிறுத்துவாள். பையை எடுப்பாள். முதுகை நிமிர்த்தி, அவசரமில்லாமல், நடைவழியால் நடப்பாள். உள்துறைமுக வீதியில் மான்கள் குறுக்கே போனால் நின்று வழிவிடுவாள். தனியாக வீட்டுக்குப் போவதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதை ஒருத்தி தனக்குக் காட்டித் தந்திருக்கிறாள் என்ற நினைப்பில்தான் அந்த ஒன்றரை மைல் கழிந்தது.

பிரேமலோசனியை அவள் பிறகும் தேடினாள். ஊருக்கு வந்த எல்லாத் தமிழ்ப் படத்துக்கும் போனாள், பெயர்களை வாசிப்பதற்காகவே. இன்னும் நாலு படங்களில் கண்டாள். ஒன்றில் தாதி, ஒன்றில் பக்கத்து வீட்டுக்காரி. ஒவ்வொன்றிலும் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் படத்தில் கலியாணக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்று பூ எறிந்தாள். அதன்பிறகு பெயரும் இல்லை, ஆளும் இல்லை.

சென்னையிலிருந்து வரும் ஒரு சினிமாப் பத்திரிகையின் கேள்வி பதிலுக்கு எல்சி எழுதினாள்: நடிகை பிரேமலோசனி இப்போது எங்கே? ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. "யார் அவர்? ஓ, அவரா! இப்போது நடிப்பதில்லை. கோடம்பாக்கத்தில் இருப்பதாகக் கேள்வி."

*

1963 செப்டம்பரில் பங்கு மக்கள் வேளாங்கண்ணித் திருநாளுக்குப் புறப்பட்டபோது எல்சியும் பெயர் கொடுத்தாள். தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, ரெயில் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி, தாயின் பேரில் பூசைக்குக் கொடுத்தாள். மறுநாள் கூட்டத்தை நடத்திக்கொண்டு வந்த பாதரிடம் போய், சென்னையில் ஒரு சொந்தக்காரி இருக்கிறாள், பார்த்துவிட்டு மூன்று நாளில் வந்து சேர்கிறேன் என்றாள். அவள் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுதான். சொல்லும்போது அது பொய்யாகத் தெரியவில்லை.

கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோ வாசலில் காவற்காரன் அந்தப் பெயரைக் கேட்டுத் தலையை ஆட்டினான். எதிரே பூக் கட்டிக்கொண்டிருந்தவள்தான் நிமிர்ந்து, "சவுரி கட்டுற அம்மாவைக் கேக்குறாங்க போல" என்றாள். ரெயில் பாதைக்குப் பின்னால் ஒரு சந்து. வரிசையாக ஒற்றை அறை வீடுகள். நாலாவது வீட்டு வாசலில், மடியில் கருமுடிக் கற்றையைப் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். உடம்பு பெருத்திருந்தது. கண்ணுக்குக் கண்ணாடி. ஆனால் அந்தத் தோள் மாறவில்லை.

"யாரும்மா வேணும்?"

எல்சி பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்களைத்தான் பாக்க வந்தனான். திருகோணமலையில இருந்து. சிலோன்."

"சிலோன்லேருந்து என்னையா?" அவள் முடியை ஒதுக்கி வைத்தாள். "எதுக்கு?"

எல்சி உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து, படத்தைச் சொன்னாள். ஆண்டைச் சொன்னாள். பத்திரிகைக் கந்தோர், ரெலிபோன், குடை. பிரேமலோசனி நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்தாள்.

"ஆமா... ரெண்டு நாள் வேலை. அந்தப் படத்தை நான் பாக்கவே இல்லியேம்மா. அப்ப எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தாங்க. படம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

"அதில உங்கட சட்டை..." என்று எல்சி தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

பிரேமலோசனி கண்ணாடியைச் சரிசெய்து கிட்ட வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதுவா! இது வேற ஒருத்திக்குத் தெச்ச ரவிக்கை. அவ வரல. என்னைப் புடிச்சுப் போட்டாங்க. கழுத்து எனக்கு லூசு. பின்னால ஊசி ஊசியா குத்தி இழுத்து வெச்சாங்க, திரும்பினா குத்தும். அதான் அப்படி விறைப்பா உக்காந்திருந்தேன்."

"மணிக்கூடு?"

"மணி... வாட்சா? கேமரா அசிஸ்டென்ட் பையனோடது. கை மொட்டையா இருக்குன்னு டைரக்டர் சொன்னாரு. ஷாட் முடிஞ்சதும் அவுத்துட்டுப் போயிட்டான்."

எல்சி அடுத்ததைக் கேட்கவில்லை. பிரேமலோசனியே கேட்டாள், எல்சியின் தலையைப் பார்த்துக்கொண்டு.

"முடி உனக்கு வியாதில போச்சா?"

"இல்லை. உங்களைப் பாத்து வெட்டினது."

"என்னைப் பாத்தா? ஐயோ பொண்ணே, அது டோப்பாடி!" அவள் கையைத் தலையில் வைத்துக்கொண்டாள். "என் முடி அப்ப முழங்கால் வரைக்கும். சுருட்டிக் கட்டி அதுக்கு மேல டோப்பா வெச்சாங்க. ரெண்டு நாளும் தலை வலி."

எல்சியின் கை தானாகப் பிடரிக்குப் போயிற்று. எட்டு வருடம் மாதாமாதம் பறங்கிப் பெண்ணின் வீட்டில் கத்தரிக்கோல் பட்ட இடம். அலுமாரியின் கீழ்த்தட்டு நினைவுக்கு வந்தது. கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்த டொமினிக் நினைவுக்கு வந்தார். அழுகை வரப்போகிறதென்றுதான் நினைத்தாள், வந்தது சிரிப்பு. அடக்க முடியாமல் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் பிரேமலோசனியும் சேர்ந்து சிரித்தாள்.

"வெட்டுன முடிய என்ன பண்ணே?"

"அம்மா எடுத்து வைச்சவ. இப்பவும் கிடக்கு."

"எவ்வளவு நீளம்?"

எல்சி கையால் காட்டினாள்.

"அடடா" என்றாள் பிரேமலோசனி, தொழில்காரியாக. "ஒரு முழுச் சவுரி கட்டலாமே."

வெளியே ரெயில் போய் ஓய்ந்தது. பிரேமலோசனி முடிக் கற்றையைத் தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று, கூச்சத்தோடு, "எப்படிம்மா செஞ்சேன் அதுல?" என்று கேட்டாள்.

எல்சி எழுந்தாள். முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இல்லாத ரெலிபோனைக் காதில் வைத்து, கழுத்தைத் திருப்பாமல் தோளோடு திரும்பி, "இருங்கள், கேட்டுச் சொல்கிறேன்" என்றாள். எழுந்து, கையில் இல்லாத குடையை நீட்டினாள். "நாளைக்குத் தந்தால் போதும்." பிறகு மூன்றாவது. மேசையிலிருந்து எழுந்தாள். சுவரருகே போய் மின்விசிறியை நிறுத்தினாள். அது நின்று முடியும்வரை ஒரு கணம் அண்ணாந்து பார்த்தாள். பையை எடுத்தாள். அந்தச் சின்ன அறையின் குறுக்கே ஆறு அடி நடந்து கதவடிக்குப் போனாள்.

திரும்பியபோது பிரேமலோசனி முடிக் கற்றையைக் கீழே வைத்திருந்தாள்.

"ஃபேன் நிக்கிறதைப் பாத்தது..." என்றாள். "அது யாரும் சொல்லித் தரல. போய்ட்டே இருன்னுதான் சொன்னாங்க. நானா பண்ணினது அது. எடுத்துருப்பாங்கன்னு நெனைக்கல."

"எடுத்திருக்கினம். நான் நாலு தரம் பாத்தனான்."

"நல்லாத்தான் இருந்திருக்கேன் போல" என்றாள் பிரேமலோசனி. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்து முடிக்க நேரம் எடுத்தது.

தக்காளிச் சோறு செய்து கொடுத்தாள். சாப்பிட்டு முடிந்ததும், "நீ எங்கயாச்சும் கூட்டத்துல இருந்தா அடையாளம் கண்டுப்பேன்" என்றாள். சந்து முனைவரை வந்து வழியனுப்பினாள்.

ஊருக்குத் திரும்பி எல்சி மூன்று கடிதம் எழுதினாள். முதலாவதற்கு யாரோ எழுதிக் கொடுத்த பதில் ஒன்று வந்தது: சௌக்கியம், மழை அதிகம், சவுரிக்கு நல்ல கிராக்கி. மற்ற இரண்டுக்கும் பதில் வரவில்லை. நாலாவதை அவள் எழுதவில்லை.

*

நடந்ததை அவள் சொன்னது நஜ்முன் நிஸாவிடம் மட்டும்தான். நஜ்முன் நிஸா தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப முடியும் அவட இல்ல, மணிக்கூடும் அவட இல்ல. இந்தக் கழுத்து ஆருட?"

"உங்கட, ராத்தா. நீங்க வெட்டினது."

நஜ்முன் நிஸா இதை யோசித்துப் பார்த்தாள். "ஊசி குத்தாம நிக்க வெச்சனே" என்றாள், முகமெல்லாம் மலர. பிறகு, "இனி முடிய வளக்கப் போறியா?" என்று கேட்டாள்.

எல்சிக்கு அந்தக் கேள்வி ரெயிலிலும் கப்பலிலும் கூடவே வந்திருந்தது. இப்போது, கேட்டவுடன், "இல்லை" என்றாள். ஏனென்று அவளுக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை. போகும்போது யாரோ ஒருத்தியைப் போல உடுத்துக்கொண்டு போனாள். வரும்போது அப்படி ஒருத்தி இல்லை என்று தெரிந்திருந்தது. உடுப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்குள் இருப்பது இனித் தான் மட்டும்தான். அதில் ஒரு பெருமை இருந்தது. ஆனால் முன்பு ஐந்து மணிக்கு நடைவழியில் முன்னால் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். இப்போது அந்த நடைவழியிலும் ஒருவரும் இல்லை. இதை அவள் நஜ்முன் நிஸாவிடமும் சொல்லவில்லை.

வருடங்கள் போயின. எழுபதுகளில் துணி பங்கீட்டுக் கூப்பனுக்கு வந்தது. இந்தியப் படங்கள் குறைந்தன, பத்திரிகைகளும் வரவில்லை. வெள்ளைச் சேலை கிடைக்காதபோது எல்சி கூட்டுறவுக் கடைச் சேலைக்குத் தானே கறுப்புக் கரை வைத்துத் தைத்துக்கொண்டாள். எக்ஸ்சேஞ்சுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் அவளை "அன்ரி" என்றார்கள். அவர்களுக்குப் பெரிய பூப்போட்ட நைலெக்ஸ் சேலை, குதி உயர்ந்த சப்பாத்து, வானொலியில் வரும் பொப் பாட்டு. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து உடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரே கதிரையில் இரண்டு பேர் நெருங்கி இருந்து கதைத்தார்கள். எல்சியிடம் மரியாதையாக இருந்தார்கள். கலியாணங்களுக்குக் கூப்பிட்டார்கள். அவள் போய்ப் பரிசைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கிளிவெட்டியிலிருந்து வந்து சேர்ந்த ஞானமலர் என்ற பிள்ளை ஒருநாள் பக்கத்துக் கதிரையில் இருந்தபடி கேட்டாள்.

"அன்ரி, உங்கட சட்டை எவ்வளவு வடிவு. இது எந்தப் படத்தில வந்தது?"

இருபது வருடத்தில் நஜ்முன் நிஸாவைத் தவிர அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எல்சி காதுக் கருவியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அது பெரிய கதை பிள்ளை. ஐம்பத்தைஞ்சாம் ஆண்டு..."

பலகையில் விளக்கு எரிந்தது. "ஒரு நிமிசம் அன்ரி" என்று ஞானமலர் திரும்பினாள். கொழும்பு, பிறகு கிண்ணியா, பிறகு மீண்டும் கொழும்பு. எல்சி காத்திருந்தாள். நேரம் முடிந்ததும் ஞானமலர் பஸ்ஸுக்கு ஓடினாள். மறுநாள் அவளுக்கு அது ஞாபகமில்லை. எல்சியும் நினைவுபடுத்தவில்லை.

1979இல் நஜ்முன் நிஸா கிண்ணியாவில் கலியாணம் முடித்திருந்த மகள் மைமூனாவோடு இருக்கப் போனாள். கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. போவதற்கு முதல்நாள் எல்சியின் சட்டைக்கு வெட்டி வைத்திருந்த காகித அளவுகளைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வேற ஆளுட்டக் குடுத்தா கழுத்த நாசமாக்கிப் போடுவாங்க. நீயே தை."

"எனக்குத் தெரியாதே ராத்தா."

"எனக்கும் ஆரும் காட்டித் தரல்ல" என்றாள் நஜ்முன் நிஸா.

எல்சி தையல் மெசின் ஒன்று வாங்கினாள், ஆனால் இரண்டு வருடம் அது மூடியபடியே கிடந்தது. கைவசம் இருந்த சட்டைகளை வைத்துச் சமாளித்துவிட்டாள். 1981இல், ஐம்பது வயதில், ஓய்வு பெற்றாள். பிரியாவிடைக்குக் கேக் வெட்டி, படம் எடுத்து, கைமணிக்கூடு ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். பெண்கள் கட்டும் சின்ன மணிக்கூடு. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அடுத்த கிழமை, ஒரு திங்கட்கிழமை காலையில், போவதற்கு இடமில்லாமல் வீட்டில் இருந்தபோதுதான் மெசினைத் திறந்தாள். வெள்ளைப் பொப்ளினை மேசையில் விரித்துக் காகிதத்தை வைத்து வெட்டினாள். ஆறு நாள் எடுத்தது. கழுத்துப் பட்டியை நாலு தரம் பிரித்தாள். சனிக்கிழமை பின்னேரம் போட்டுப் பார்த்தபோது கழுத்து நின்றது, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தாலும் நின்றது. சட்டையின் இடது கை வலது கையை விட அரை விரற்கடை கட்டை.

ஞாயிறு அதையே போட்டுக்கொண்டு பூசைக்குப் போனாள். நாலாவது வாங்கில், வழக்கமான இடத்தில் இருந்தாள். பின்னாலிருந்த ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னது கேட்டது. பூசை முடிந்ததும் கடற்கரைப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி வைத்துக் குடித்தாள். சட்டையைக் கழற்றி மேசையில் விரித்து, யன்னலைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு, இடது கையின் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.